கிழித்துப் போட்ட ரேகை

சடையண்ணா, எங்கே இருந்தாலும் நீ இதைக் கேட்டுக்கொள். நான் கூட்டியும் சொல்லப் போவதில்லை, குறைத்தும் சொல்லப் போவதில்லை.

நான் சொல்லச் சொல்ல எழுதுகிற வாத்தியாரே நடுநடுவில் பேனாவை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். பார்க்கட்டும். பேய், ஆவி என்று யாராவது சொன்னால் முன்னே நானும் இப்படித்தான் பார்ப்பேன். மலைமேல் எங்கள் குண்டூர் நாட்டில் அருவிப் பக்கம் உச்சி வெயிலில் தனியாகப் போகக் கூடாது என்பார்கள், நான் போய்ச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு வருவேன், ஒரு காக்காய் கூட என்னைச் சீண்டியதில்லை. செத்தவர்கள் செத்தவர்கள்தான், மண்ணுக்குப் போனால் மண், அவ்வளவுதான் என்று இருந்தவள் நான். இப்போதும் எல்லாவற்றையும் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணால் பார்த்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

என் அண்ணன் பெயர் சடையன். சின்ன வயதில் பலாப்பழம் அரியும்போது கத்தி இறங்கி அவன் வலது கட்டை விரல் நடுவே பிளந்துவிட்டது. ஆறிய பிறகும் விரலை இரண்டாக வகிர்ந்த மாதிரி ஒரு தழும்பு நின்றது. எங்கள் அப்பா இல்லை, அதனால் காலையில் எனக்குத் திருநீறு வைப்பது அவன்தான். அவன் வைத்தால் என் நெற்றியில் திருநீறு முழுசாக விழாது, நடுவில் ஒரு கோடு விட்டுத்தான் விழும். ஊரில் பிள்ளைகள் என்னைப் பார்த்து, "சடையன் முத்திரை போட்ட மாடு வருது" என்று கேலி பண்ணும். அந்தக் கோட்டை நான் கனவில் பார்த்தாலும் கண்டுபிடிப்பேன், இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் சாமைக் காட்டுக்குள் சர்க்கார் காட்டின் எல்லைக் கல்லைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். நேற்று வரை எங்களுடையது, இன்றைக்கு ஏர் கட்டினால் குற்றம். அண்ணன் அடிவாரம் இறங்கிப் போய், ஒருத்தரைப் பிடித்து மனு எழுதி, ஊதா மையில் அந்தக் கட்டை விரலை அழுத்தித் தாலுகா கச்சேரியில் கொடுத்துவிட்டு வந்தான். வந்த ஒரு வாரத்துக்குள் காவல்காரர்கள் வந்து, மரம் வெட்டினாய் என்று அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் வெட்டவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் அவனைப் பார்க்கவில்லை. ஒரு வருஷம் போன பிறகு, மிளகு விற்கச் சந்தைக்குப் போனவர்கள்தான் வந்து சொன்னார்கள், சடையன் லாக்கப்பில் காய்ச்சலில் செத்துப்போனானாம், அங்கேயே எங்கேயோ புதைத்துவிட்டார்களாம். எந்த இடம் என்று கேட்டதற்குக் கடைசி வரை யாரும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் உடம்பு கிடைக்காதவனுக்கு வெறுங்குழி மூட மாட்டார்கள். நகமோ முடியோ தோலோ, அவன் உடம்பிலிருந்து ஏதாவது ஒன்று குழிக்குள் போக வேண்டும், அப்போதுதான் அவன் ஊருக்குள் வந்து அடங்குவான், இல்லாவிட்டால் அவன் பாட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பான் என்பார்கள். வீட்டில் அவனுடைய ஒரு முடி கூட இல்லை. அம்மா அவன் படுத்த பாயைக் கையால் தடவித் தடவித் தேடினாள். அப்போதுதான் பூசாரி சொன்னார், "கச்சேரில அவன் ரேகை வெச்சுட்டு வந்தான்ல? ரேகைன்னா என்ன, தோலுதான? அந்தக் காகிதம் வந்தாப் போதும்."

கீழ்நாட்டுக்காரர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு இல்லை. அம்மா அன்றைக்கே என்னைப் புறப்படச் சொன்னாள்.

நான் இறங்கிப் போன நேரம் யுத்த காலம். ரேஷன் அரிசி அடுக்க இடம் இல்லை என்று கச்சேரியில் ரிக்கார்டு ரூமைக் காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். பழைய காகிதங்களைப் படிக்க முடியாதபடி கிழித்துக் குழியில் போட்டுக் கொளுத்த வேண்டும், அதற்குக் கூலிக்குப் பெண்கள் வேண்டும் என்றார்கள். சாமி கும்பிட்டுக்கொண்டு நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். பின்பக்கம் புங்க மரத்தடியில் நாங்கள் வட்டமாக உட்கார்ந்து கிழிப்போம். எதிரே நாற்காலி போட்டு ரிக்கார்டு குமாஸ்தா இருப்பார், எல்லாரும் ரிக்கார்டு ஐயா என்பார்கள். அவர் கையில் ஒரு சிவப்புப் பென்சில். காகிதக் கட்டை அவிழ்ப்பார், மேல் காகிதத்தைப் பார்ப்பார், இடது பக்கம் வைத்தால் அது எப்போதைக்கும் இருக்கும், வலது பக்கம் எறிந்தால் எங்கள் மடிக்கு வரும். மூச்சு விடுகிற நேரத்தில் முடிவு பண்ணிவிடுவார். ஒரு மனுஷனின் அழுகை, ஒரு குடும்பத்தின் வழக்கு, எல்லாம் அந்த மூச்சுக்குள் போய்விடும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. அதனால் ஒவ்வொரு காகிதத்தையும் திருப்பி ரேகை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிழிப்பேன். எத்தனை பேர் ரேகை தெரியுமா? வட்டம், சுழி, பாதி பதிந்தது, மை வழிந்தது. பெயர் எழுதத் தெரியாத சனம் முழுக்க அந்தக் குப்பையில்தான் கிடந்தது. என் பக்கத்தில் அடிவாரத்துப் பழனியம்மாக்கா, வாய் ஓயாத பொம்பளை.

"ஏண்டி புள்ள, அரிசில கல்லுப் பொறுக்கற மாதிரி ஒவ்வொண்ணாப் பொரட்டறயே, உன்ற மாப்பிள்ள எதுக்குள்ளயாச்சும் ஒளிஞ்சிருக்கானா?"

"அண்ணனைத் தேடறனுங்க்கா."

அவள் அதற்குமேல் சிரிக்கவில்லை. மூன்றாம் பேரிடம் சொல்லாமல், தன் மடியில் வந்த ரேகைக் காகிதங்களையும் என் பக்கம் தள்ளிவிட ஆரம்பித்தாள்.

ரிக்கார்டு ஐயா அதைப் பார்த்துவிட்டார். கூப்பிட்டு விசாரித்தார். நான் அண்ணன் பெயர், ஊர், கல் நட்ட கதை எல்லாம் சொன்னேன். மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? அவர் நினைவு வந்த மாதிரி தலையை ஆட்டி, வலது பக்கத்துக் கட்டு ஒன்றை இழுத்து, ஒரு காகிதத்தை உருவினார். தூரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கீழ் மூலையில் ஊதா மை, நடுவே வெள்ளைக் கோடு. என் நெற்றி அது.

"சாமி, அது நெலத்து விசயமுங்களே. அத எதுக்குங்க கிழிக்கற பக்கம் போட்டீங்க?"

அவருக்குக் கோபம் வரவில்லை. வேலை தெரிந்தவர் வேலை கற்றுக்கொடுக்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "இங்க பாரு. நெலம்னா காலாகாலத்துக்கும் இருக்கோணும். கொலை, கலகம்னாலும் இருக்கோணும். தொரை கையெழுத்து இருந்தா, அது அவரு பன்னி வேட்டைக்குப் போன செலவா இருந்தாலும் இருக்கோணும். மலைச்சனம் குடுக்கற மனு ஒரு வருசம். இத நெலம்னு நான் எழுதுனா, உங்கண்ணன் சொன்னதை எவனாச்சும் ஒருத்தன் வந்து கல்ல அளந்து பாக்கோணும். அளந்தா எத்தன பேருக்குச் சங்கடம்? அதான் மனுன்னு எழுதிட்டேன். மனுவுக்கு ஆயுசு அவ்வளவுதான்."

நிலத்தைக் கேட்கவில்லை, அந்த மூலையை மட்டும் கிழித்துக் கொடுங்கள், எப்படியும் கிழிக்கத்தானே போகிறீர்கள் என்று காலில் விழுந்தேன். உடம்பு இல்லாத குழிக்கு என்று சொன்னேன். அவர் சொன்ன பதிலை நான் சாகும் வரை மறக்க மாட்டேன்.

"சர்க்கார் காகிதத்தக் கிழிக்கலாம், கொளுத்தலாம். குடுக்கப்படாது."

சொல்லிவிட்டு, "இந்தா, கூலி வாங்கறல்ல, நீயே கிழி" என்று நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவரே கிழித்தார். எல்லாரும் குறுக்கே கிழிப்போம், அவர் வேண்டுமென்றே அந்த ரேகையின் நடுக்கோட்டில் நகத்தை வைத்துக் கிழித்தார். நான்கு துண்டு, எட்டுத் துண்டு, குழியில் எரிகிற நெருப்பில் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார்.

நான் குனிந்து இரண்டு கை மண் அள்ளினேன். "எங்கண்ணன மண்ணுக்குக் குடுக்க உடாத கை, வெக்கறதொண்ணும் வெளங்காமப் போகட்டும்" என்று அவர் முன்னால் தூற்றினேன். பெண்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "இதுக்கெல்லாம் பயந்தா ரிக்கார்டு ரூம்ல உக்காந்திருக்க முடியுமா தாயி? நாளைக்கும் வா, வேல கெடக்குது."

அப்போதுதான் குழியிலிருந்து ஒரு கருகிய துண்டு எழும்பி வந்தது. காகிதம் எரிந்தாலும் சில நேரம் கறுப்புச் சருகாக அப்படியே நிற்கும், எழுத்து மட்டும் வெளுப்பாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சருகில் முழு ரேகை இருந்தது. எட்டாகக் கிழித்தது எப்படி முழுசாக இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். பழனியம்மாக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள், அவளும் பார்த்தாள். காற்றே இல்லை. அது மெதுவாக வந்து அவர் வலது கட்டை விரல் மேல் உட்கார்ந்தது. அவர் ஈயை ஓட்டுவது போல் தட்டினார், அது பொடிந்து விரலில் கரியாக அப்பிக்கொண்டது.

மறுநாள் காலையில் நாங்கள் போய் உட்காரும்போதே அவர் கத்திக்கொண்டிருந்தார். எப்போதைக்கும் வைக்க வேண்டிய கட்டுகளில் யாரோ கை வைத்துவிட்டார்களாம்.

"எவடி அது? அழுக்குக் கையோட பத்திரத்தத் தொட்டது எவ?"

பழனியம்மாக்கா விடுவாளா? "ஏனுங்க ஐயா, நாங்க தொட்டா உங்களுக்கே தீட்டு, பத்திரத்துக்கு ஆகுமுங்களா? எங்க கைக்கு நீங்க குப்பையத்தான குடுத்திருக்கறீங்க."

அவர் ஒரு பத்திரத்தைத் தூக்கிக் காட்டினார். ஊதா நிறத்தில் ஈரம் காயாத ஒரு கட்டை விரல் ரேகை. நடுவே வெள்ளைக் கோடு. எனக்குப் பயம் வரவில்லை. அண்ணா, நீ வந்துவிட்டாய் என்று எனக்கு உள்ளே ஏதோ கைகொட்டியது.

அன்று முழுவதும் நான் அவர் கையையே பார்த்தேன். கட்டை எடுப்பார், புரட்டுவார், இடது பக்கம் வைப்பார். வைக்கும்போது காகிதம் சுத்தமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில், வேர்வை ஊறுகிற மாதிரி, அவர் கட்டை விரல் பட்ட இடத்தில் ரேகை மேலே வரும். எல்லாம் இடது பக்கம்தான். வலது பக்கம் எறிந்த குப்பையில் ஒன்றில் கூட விழவில்லை. எதை வைக்க வேண்டும் என்று அவர் முடிவு பண்ணினாரோ அதில் மட்டும் விழுந்தது. புளி போட்டுத் தேய்த்தார், சுண்ணாம்பு போட்டுத் தேய்த்தார், துணி சுற்றிக்கொண்டார். துணிக்கு மேலேயே விழுந்தது.

இது சும்மா அழுக்கு இல்லை, யோசித்துப் பாருங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு ரேகைதான் கையெழுத்து. நிலப் பத்திரத்தில் வாங்கினவன், விற்றவன் போக மூன்றாவதாக ஒருத்தன் ரேகை இருந்தால், அவன் யார், அவனுக்கு அந்த நிலத்தில் என்ன பாத்தியம் என்று கேள்வி வரும். தாலுகாவில் பெரிய பெரிய மிராசுதார்களின் பத்திரங்களில் எல்லாம் என் அண்ணன் நின்றான். தாசில்தார் பதறிப்போய் மேலே எழுதினார். சேலத்திலிருந்து ரேகை பார்க்கிறவர் ஒருவர் பெட்டியோடு வந்தார்.

அவர் முதலில் ரிக்கார்டு ஐயாவின் விரலில் மை தடவி வைக்கச் சொன்னார். மையில் அவருடைய சொந்த ரேகைதான் விழுந்தது, வட்டச் சுழி. டவாலிச் சேவகன், காவல்காரன், நாங்கள், எல்லாரும் வைத்தோம். ஒருத்தருக்கும் பொருந்தவில்லை. தாசில்தார் மேசையைத் தட்டிக் கேட்டார், "இந்த ரேகைக்காரன் யாரு? இதே ரேகை நம்ம கச்சேரில வேற எந்தக் காகிதத்துலயாவது இருக்கா?"

ரிக்கார்டு ஐயாவுக்குத் தெரியும். அவர் முகத்தில் அது எழுதியிருந்தது. ஆனால் சொன்னால் என்ன ஆகும்? நில எல்லை விவகாரத்தை மனு என்று எழுதிக் கிழித்துப் போட்டதைச் சொல்ல வேண்டும்.

"இல்லீங்க. எந்தக் காகிதமும் இல்லீங்க."

பிறகு தாசில்தார் எங்கள் பக்கம் திரும்பினார். "உங்கள்ள யாருக்காச்சும் இது யார் ரேகைன்னு தெரியுமா?"

ரிக்கார்டு ஐயா என்னைப் பார்த்தார். சொல்லிவிடு என்று கெஞ்சுகிற பார்வை. செத்தவன் ரேகை, இந்தப் பெண்ணின் அண்ணன் என்று யாராவது சொன்னால், குறைந்தபட்சம் அவர் கள்ள வேலை செய்யவில்லை என்றாவது ஆகும். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தேன்.

"எங்களுக்கென்னங்க சாமி தெரியும், நாங்க மலைச்சனம். ஆள் யாருன்னு கச்சேரிக் காகிதத்துல இருந்தாப் பாருங்க. இல்லீன்னா, அப்படி ஒரு ஆளே இல்லீங்க."

பழனியம்மாக்கா தலையைக் குனிந்துகொண்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு இனிப்பாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்ததில்லை. அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், கட்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு, அவர்தான் யாரையோ விட்டுப் பத்திரங்களைக் கள்ளத்தனமாகக் கெடுத்தார் என்று.

நான் வெறுங்கையோடு மலை ஏறினேன். அம்மாவிடம், காகிதம் போய்விட்டது, ஆனால் அண்ணன் சும்மா போகவில்லை என்று சொன்னேன். அம்மா, "அவன் அடங்கறதுக்கு வழி கேட்டா நீ சண்டைக் கதை சொல்ற" என்றாள்.

கேழ்வரகு அறுப்பு நடக்கும்போது ஒரு நாள், நல்ல வெயில் நேரம், ரிக்கார்டு ஐயா நடந்தே மலை ஏறி எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றார். ஆள் பாதியாகிவிட்டார், சட்டை தொங்கியது. உட்காருங்கள் என்று நான் சொல்லவில்லை. மடியிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்தார். மை இல்லாத வெறும் கட்டை விரலை அதில் அழுத்தினார். நாங்கள் பார்க்கப் பார்க்க ரேகை ஊறி மேலே வந்தது, ஊதா நிறம், நடுவே கோடு. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஊட்டுல எதத் தொட்டாலும் வருது. சம்சாரம் கன்னத்துல வருது. கொழந்தைய எடுக்கப் பயமா இருக்குது. இத வாங்கிக்க தாயி. பொதச்சிரு. போகச் சொல்லிரு."

காகிதத்தை வாங்கிக்கொண்டேன். அவர் திரும்பாமல் நின்றார். "போயிருவானா? எப்பப் போவான்?"

"நீங்கதானுங்களே அதெல்லாம் தீர்மானம் பண்றவரு. ஒரு வருசமா, காலாகாலத்துக்குமான்னு நீங்களே செவப்புப் பென்சில்ல எழுதிக்கோங்க."

அவர் அப்படியே இறங்கிப் போனார். குடிக்கத் தண்ணீர் கேட்டிருந்தால் கூட நான் கொடுத்திருக்க மாட்டேன். இப்போதும் எனக்கு அதில் வருத்தம் இல்லை, வாத்தியார் எழுதிக்கொள்ளட்டும்.

குழி வெட்டினோம். ஊர்க்கவுண்டர், பூசாரி, பங்காளிகள் எல்லாரும் வந்தார்கள். காகிதத்தைப் புதுத் துணியில் சுற்றி, அம்மா ஒரு குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி உள்ளே வைத்தாள். மண் தள்ளுவதற்கு முன்னால் கூடப் பிறந்தவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் எங்கள் வழக்கத்தில். "உனக்கு இங்க யாரோடவும் பகை இல்ல, போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். பூசாரி, "சொல்லு கண்ணு" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நகம் ஞாபகம் வந்தது, கோட்டில் வைத்துக் கிழித்த நகம். கல்லை நட்டவர்கள் ஞாபகம் வந்தது, அந்தக் கல் அன்றைக்கும் எங்கள் காட்டுக்குள்தான் நின்றது. அவனை எங்கே புதைத்தார்கள் என்று சொல்லாதவர்கள் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். பகை இல்லை என்ற வார்த்தை வரவில்லை. பூசாரி மறுபடி கேட்டார். வரவில்லை. கடைசியில் மண்ணைத் தள்ளிவிட்டார்கள்.

ரிக்கார்டு ஐயாவின் விரல் என்ன ஆனது என்று தெரியாது, பழனியம்மாக்காவைச் சந்தையில் பார்த்தபோது அவர் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார் என்றாள். இதோடு முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

அடக்கம் ஆன மறுநாள் காலையில், இனிமேல் வைத்துவிட ஆள் இல்லையே என்று, அவன் போனதிலிருந்து வைக்காமல் இருந்த திருநீற்றை நானே தொட்டு என் நெற்றியில் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த களித் துடுப்பு கீழே விழுந்தது.

"யாருடி உனக்குத் திருநீறு வெச்சது?"

தண்ணீர்ச் சட்டியில் குனிந்து பார்த்தேன். நடுவில் கோடு விட்டு விழுந்திருந்தது.

அன்றிலிருந்து இன்றைக்கு வரை அப்படித்தான். வாத்தியாரிடம் என் கட்டை விரலைக் காட்டியிருக்கிறேன், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒரு கீறல் கூட இல்லை. அப்புறம் என் நெற்றியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் சந்தேகமாக எதுவும் கேட்கவில்லை.

அவன் இன்னும் அடங்கவில்லை. எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை, பொய்யாகச் சொன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும். அதனால் இதைப் படிக்கிறவர்கள், படிக்கச் சொல்லிக் கேட்கிறவர்கள், உங்களுக்கு எந்தச் சாமியோ அந்தச் சாமியிடம், குண்டூர் நாட்டுச் சடையன் என்று பெயர் சொல்லி, அவன் போய்ச் சேரட்டும் என்று ஒரு முறை கும்பிட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு யாரோடும் பகை இல்லை. நீங்கள் சொன்னால் அவன் கேட்பான்.